மார்பகப் புற்றுக்கு மூலிகை: நெல்லிக்குப்பம் தம்பி கேட்டதற்கு விரிவான பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை ஒரு தடவை என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் கட்டி. பயாப்சியில் புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது. இரண்டாம் நிலை, ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பாசிட்டிவ் (பெண் ஹார்மோன்களைப் பிடித்து வளரும் வகைக் கட்டி), ஹெர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கக்கூடிய ஒரு புரதம்) என்ற இடத்தில் இரண்டு பிளஸ். புதுச்சேரியில் பார்த்த டாக்டர்கள் ஆபரேஷன், கீமோ, பிறகு கரண்ட் (கதிர்வீச்சு), அதற்கும் பிறகு சில வருஷங்களுக்கு மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்குள் உங்கள் பெரியம்மா ஒரு பை நிறைய சாமான்களோடு வந்து இறங்கியிருக்கிறார்: மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்சூல், முள் சீத்தா இலை, நித்தியகல்யாணி வேர், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு மெழுகு. "இதெல்லாம் ஆய்விலேயே வந்திருக்கு, மூணு மாசம் கொடுத்துப் பார்ப்போம், கேக்கலைன்னா அப்புறம் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கு" என்கிறார். அம்மாவும் கீமோவுக்குப் பயந்து அந்தப் பக்கம் சாய்கிறார். நீங்கள் கேட்டது "மூலிகைகளில் மார்பகப் புற்றுக்கு மருந்து இருக்கிறதா?" என்று. உண்மையில் கேட்க நினைத்தது "மூன்று மாதம் தள்ளிப் போடலாமா?" என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவதற்குப் பதில் சின்னது: தள்ளிப் போடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றில் ஆபரேஷன் ஒவ்வொரு நான்கு வாரம் தாமதமாகும்போதும் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. மூன்று மாதம் என்றால் அது ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். அமெரிக்காவில் 2018இல் வந்த இன்னொரு கட்டுரை, பரவாத நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சை எதையும் எடுத்துக்கொள்ளாமல் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களைப் பற்றியது. மார்பகப் புற்று உள்ளவர்களில் அப்படிச் செய்தவர்களின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். சரி, இது ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை, பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது, அதனால் அந்த எண்ணைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் அம்மா இப்போது இருப்பது குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை கொடுக்கும் நிலை. அந்த நிலையை ஒரு பரீட்சைக்காகச் செலவழிக்கக் கூடாது.

முதல் கேள்விதான் நீளமானது. "மூலிகையா, அதெல்லாம் சும்மா" என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது, அப்படித் தள்ளினால் பெரியம்மா உங்கள் பேச்சை அதற்கு மேல் கேட்கவும் மாட்டார். நான் நோயாளியைப் பார்க்கும் டாக்டர் இல்லை. மருந்தாளுநர். புற்றுநோய் வார்டுக்குக் கீமோ கலந்து கொடுக்கும் அறையில் பல வருஷம் இருந்தேன், பிறகு புதுச்சேரியில் பார்மசி படிக்கும் பிள்ளைகளுக்கு மூலிகை மருந்தியல் சொல்லிக்கொடுத்தேன், இப்போது லாஸ்பேட்டையில் ஓய்வில் இருக்கிறேன். அதனால் மருந்து எங்கிருந்து வருகிறது, உடம்பில் எங்கே போகிறது, எதோடு மோதுகிறது என்பதைச் சொல்ல முடியும். உங்கள் அம்மாவுக்கு எந்தக் கீமோ, எத்தனை சைக்கிள் என்பது அவரை நேரில் பார்க்கிறவர் சொல்ல வேண்டியது.

பெரியம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அம்மாவுக்குக் கொடுக்கப்போகும் கீமோவிலேயே மூலிகை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மார்பகப் புற்றுக்கு உலகமெங்கும் அதிகம் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று பாக்ளிடாக்சல். அது அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. 1962இல் அந்நாட்டு வேளாண் துறை ஆள் ஒருவர் பட்டையைச் சீவி அனுப்பினார். மன்ரோ வால் என்பவரும் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணியும் அதிலிருந்து சத்தைப் பிரித்து 1971இல் அதன் வேதி அமைப்பை வெளியிட்டார்கள். அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தது 1979இல். மார்பகப் புற்றுக்கு அனுமதி கிடைத்தது 1994இல். பட்டையைச் சீவியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 32 வருஷம். ஒரு கிலோ மருந்துக்கு ஏறக்குறைய 10 டன் பட்டை தேவைப்பட்டது. மரமே அழிந்துவிடும் என்ற நிலை வந்த பிறகுதான் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து பாதி வேலையைச் செடியும் மீதியை ஆய்வுக்கூடமும் செய்கிற வழி வந்தது. அதே இலை வழியில் வந்த தம்பிதான் டோசிடாக்சல்.

இந்த மருந்தைக் கலக்கும்போது பார்த்தால்தான் பட்டைக்கும் மருந்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று புரியும். பாக்ளிடாக்சல் தண்ணீரில் கரையவே கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பானில் கரைத்துத்தான் குப்பியில் வரும், லேசாகக் கொழகொழவென்று இருக்கும், வேகமாகக் குலுக்கினால் நுரைத்துக்கொள்ளும். ஒரு மில்லியில் 6 மில்லிகிராம். வாராவாரம் கொடுக்கும் முறையில் சராசரி உடல்வாகுள்ள பெண்ணுக்கு 120 மில்லிகிராம் அளவுக்கு வரும், அதாவது 20 மில்லி. அதைச் சலைனில் மெதுவாக இறக்க வேண்டும், சாதாரணப் பிளாஸ்டிக் குழாயில் விட்டால் அந்தக் கரைப்பான் பிளாஸ்டிக்கிலிருக்கும் ரசாயனத்தையே உருவி எடுத்துவிடும் என்பதால் தனிக் குழாய், நடுவில் நுண்ணிய வடிகட்டி. ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறக்கூடும் என்பதால் முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும். இத்தனையும் எதற்கு? மரப்பட்டையில் இருந்த ஒரு சத்து, சரியான அளவில், சரியான நேரம், ரத்தத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. மருந்துக்குரிய சத்து செடியில் இருக்கிறதா என்பது முதல் கேள்விதான். ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எந்த அளவில் நோயைக் கொல்கிறது, எந்த அளவில் ஆளைக் கொல்கிறது என்று அதற்குப் பின்னால் நான்கைந்து கேள்விகள் நிற்கின்றன. பெரியம்மாவின் பையில் உள்ள ஒவ்வொன்றையும் நான் இந்தக் கேள்விகளோடுதான் பார்க்கிறேன்.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். நம் கடலோர மணலில், சுடுகாட்டு ஓரத்தில், தானாக முளைத்துக் கிடக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் இருவரும் அதைச் சோதித்தபோது எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. அங்கிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள். குழந்தைகளின் ரத்தப் புற்றில் வின்கிரிஸ்டின் இன்றும் அடிப்படை மருந்து. மார்பகப் புற்றுக்குப் பயன்படுவது அதே குடும்பத்தில் பிரான்சில் உருவாக்கிய வினோரெல்பின், அதுவும் பெரும்பாலும் நோய் பரவிய நிலையில். ஆக, பெரியம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்தது வேர். வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இருப்பது இலையில். வேரில் அதிகம் இருப்பது அஜ்மலிசின், அது ரத்த அழுத்தத்தை இறக்கும் சரக்கு, வேரை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதும் அதற்காகத்தான். ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தலைசுற்றி விழுவார், கட்டி அப்படியே இருக்கும்.

சரி, இலையையே கொடுத்தால்? ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு அரை டன் காய்ந்த இலை வேண்டும், அவ்வளவு கொஞ்சம் அதில். அதே இலையில் வேறு நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் (செடியிலுள்ள வீரியமான வேதிச் சத்துகள்) கலந்து கிடக்கின்றன. வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை, கூடினால் நரம்பு போய்விடும், கை கால் மரத்துப்போகும், குடல் இயங்காமல் நின்றுவிடும். இந்தச் சரக்கைக் கைப்பிடி அளவில் அரைத்துக் குடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. குறைந்தால் ஒன்றும் நடக்காது, கூடினால் விபரீதம்.

செடியிலிருந்து மருந்து வரும் கதை இதோடு முடியவில்லை. மார்பகப் புற்றுக்குச் சமீப வருஷங்களில் வந்த பேச்சுக்குரிய ஊசிகள் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், சாசிடுசுமாப் கோவிடெகான் என்ற இரண்டும். ஆன்டிபாடி (குறிப்பிட்ட செல்லைத் தேடிப் பிடித்து ஒட்டும் புரதம்) ஒன்றின் முதுகில் நச்சு மருந்தை ஏற்றி நேராகப் புற்றுச் செல்லுக்கு அனுப்புகிற வகை. அந்த நச்சு மருந்தின் மூதாதை காம்ப்டோதெசின், ஒரு சீன மரத்தில் கண்டுபிடித்தது, அதையும் பிரித்தவர்கள் அதே வாலும் வாணியும்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் காம்ப்டோதெசின் உண்டு. அதனால் "அலோபதிக்காரங்களுக்கு மூலிகைன்னாலே ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து "ஆய்வில் வந்திருக்கிறது" என்ற பேச்சு. இந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், என் மாணவர்களும் செய்திருக்கிறார்கள். ஒரு இலையைக் காயவைத்து, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, சுண்ட வைத்தால் பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று கிடைக்கும். அதை எம்.சி.எஃப்-7 என்ற செல்களின் மேல் விட வேண்டும். மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியின் மார்பகப் புற்றிலிருந்து 1970களில் வளர்த்தெடுத்த செல் வரிசை அது, உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் வளர்க்கிறார்கள். 96 குழி கொண்ட தட்டு, ஒவ்வொரு குழியிலும் செல்கள், கூடக்கூட ஏறும் அளவில் சாறு. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை ஊற்றுவார்கள். உயிருள்ள செல் அதை ஊதா ஆக்கும், செத்த குழி மஞ்சளாகவே நிற்கும். பாதிச் செல் சாகும் அளவைக் கணக்கிட்டு, "இந்த மூலிகைக்குப் புற்றுநோய் எதிர்ப்புத் தன்மை உண்டு" என்று கட்டுரை. அடுத்த வாரம் அது வாட்ஸாப்பில் "புற்றுநோயை அழிக்கும் அதிசய இலை".

இதில் உள்ள ஓட்டைகளைச் சொல்கிறேன். உப்பை அள்ளிப் போட்டாலும் அந்தச் செல் சாகும், சாராயத்துக்கும் சாகும். கச்சாச் சாறு என்றால் ஒரு மில்லிக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே பாதிச் செல்லைக் கொன்றால்தான் மேற்கொண்டு பார்க்கத் தகுதி என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வைத்த அளவுகோலைத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 200, 300 என்று வந்த சாறுகளுக்கும் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு சில செடிச் சாறுகள் செல்லே இல்லாமல் அந்தச் சாயத்தைத் தாமாகவே ஊதா ஆக்கிவிடும், அப்போது கணக்கே தலைகீழ். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்ட செல்லை மட்டும் கொல்கிறதா என்பதைப் பல கட்டுரைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, பட்டப்படிப்புக்கு அது நல்ல பயிற்சி. அதை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் அம்மாவின் டம்ளருக்கு வருவதுதான் தப்பு.

இனி மஞ்சள். இதில் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் அக்கறையான ஆய்வும் உண்டு, அளவு மீறிய ஆரவாரமும் உண்டு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஆய்வுக்கூடத் தட்டில் குர்குமின் மார்பகப் புற்றுச் செல்லைக் கொல்கிறது, உண்மை, ஆனால் பொதுவாக 10 மைக்ரோமோல், 20 மைக்ரோமோல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) என்ற அளவுகளில். தைவானில் ஆட்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் ஏறிய உச்ச அளவே சராசரியாக 2 மைக்ரோமோலைத் தொடவில்லை. 8 கிராம் குர்குமின் என்றால் மஞ்சள் தூளாகக் கால் கிலோவுக்கும் மேல், தினமும். குடல் அதை உறிஞ்சுவதே குறைவு, உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் பல மடங்கு கூடுகிறது என்று பெங்களூரில் 1998இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. கேப்சூல் அட்டையில் "மிளகுச் சத்து சேர்த்தது" என்று பெரிதாக அச்சடிப்பது அதை வைத்துத்தான். 2017இல் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் குர்குமின் ஆய்வுகளை எல்லாம் அலசியவர்கள், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று முறையாக மறைத்துச் செய்த சோதனைகளில் வெற்றி பெற்றது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து வந்த குர்குமின் கட்டுரைகள் பலவும் படங்களில் கோளாறு என்று திரும்பப் பெறப்பட்டன. மஞ்சளின் புகழில் ஒரு பங்கு அந்தக் கட்டுரைகளால் வந்தது.

அதற்குப் பிறகும் கதவு முழுக்கச் சாத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்மீனியாவில் நோய் முற்றிய 150 பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பாக்ளிடாக்சலோடு குர்குமினை நரம்பு ஊசியாக வாரம் ஒரு தடவை கொடுத்து, 2020இல் வெளியிட்டார்கள். கட்டி சுருங்கியவர்கள் குர்குமின் பக்கம் 51 சதவீதம், பாக்ளிடாக்சலோடு குர்குமினுக்குப் பதில் போலி ஊசி பெற்ற பக்கம் 33. நல்ல செய்திதான். ஆனால் நோய் மறுபடி வளராமல் இருந்த காலத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு ஆய்வு, அதுவும் கீமோவோடு சேர்த்து, அதுவும் ஊசியாக. இதைப் படித்துவிட்டு யாராவது "நரம்பில் குர்குமின் ஏற்றுகிறோம்" என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அமெரிக்காவில் அப்படி ஏற்றிக்கொண்ட ஒரு பெண் இறந்துபோனார். அவருக்குப் புற்றுநோய்கூட இல்லை, தோல் அரிப்புக்குப் போனவர்.

உங்கள் அம்மா விஷயத்தில் மஞ்சள் கேப்சூலைப் பற்றி எனக்குக் கவலை தருவது வேறு. ஈ.ஆர். பாசிட்டிவ் என்பதால் கடைசியில் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வரும், அது டாமாக்சிபெனாக இருக்கலாம், மாதவிடாய் நின்றவர் என்றால் லெட்ரோசோல் மாதிரி ஒன்றாக இருக்கலாம். டாமாக்சிபென் அப்படியே வேலை செய்வதைவிட, கல்லீரல் அதை எண்டாக்சிபென் என்று மாற்றிய பிறகுதான் அதிகம் வேலை செய்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் டாமாக்சிபென் சாப்பிடும் பெண்களுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். எண்டாக்சிபென் அளவு சுமார் 8 சதவீதம் குறைந்தது, பைப்பரினும் சேர்த்தபோது 12 சதவீதம். சின்ன ஆய்வு, 16 பேர்தான், அந்தக் குறைவால் யாருக்கு நோய் திரும்பும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பெரியம்மா கொடுத்திருப்பது சரியாக அந்தச் சேர்க்கைதான். கீமோ சமயத்துக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: 2002இல் வந்த ஆய்வில், டாக்சோருபிசின் மாதிரி கீமோ மருந்துகள் மார்பகப் புற்றுச் செல்லைக் கொல்வதைக் குர்குமின் தடுத்தது, எலிகளுக்கு உணவில் குர்குமின் கொடுத்தபோது சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் பலன் குறைந்தது. எலியில் நடந்தது மனிதரில் நடக்கும் என்று கட்டாயம் இல்லைதான். தட்டில் செல் செத்ததை நம்புகிறவர்கள் இதையும் அதே தராசில் வைக்க வேண்டுமா இல்லையா? இவற்றோடு, மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய அறிக்கைகளும் 2022க்குப் பிறகு பேசப்படுகின்றன. கீமோவே கல்லீரலுக்குச் சுமை, எது எதனால் வந்தது என்று டாக்டர் குழம்பிப்போனால் கீமோவை நிறுத்திவைப்பார்.

சமையல் மஞ்சளுக்கு இது எதுவும் பொருந்தாது. ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம் குர்குமின்கூட இருக்காது. குழம்பு, மிளகு ரசம், மஞ்சள் போட்ட பால், எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். கேப்சூல்தான் பேச்சு.

முள் சீத்தாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. "கீமோவைவிட பத்தாயிரம் மடங்கு" என்ற அந்தச் செய்தி பல வருஷமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நர்சரிக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். அதன் அடிப்படை ஒரு செல் தட்டு ஆய்வு. மார்பகப் புற்று உள்ளவர்களிடம் முறையாகச் சோதித்து வென்றதாக எதுவும் இல்லை. ஆனால் அதிலுள்ள அனோனசின் என்ற சத்து நரம்புச் செல்லைப் பாதிக்கக்கூடியது. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழமும் இலைக் கஷாயமும் அதிகம் எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரி நடுக்கமும் தடுமாற்றமும் அதிகம் இருந்ததாக 1999லேயே எழுதினார்கள். அதுதான் காரணம் என்று முழுமையாக நிரூபணம் ஆகவில்லை. பாக்ளிடாக்சலே விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும் மருந்து, அதன் மேல் இதையும் தினம் குடிப்பானேன்? எப்போதாவது பழம் கிடைத்தால் ஒரு துண்டு சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

அந்த மெழுகு. பெயர் எழுதாததால் பொதுவாகச் சொல்கிறேன். சித்த மருத்துவத்தில் புற்றுக்கு ரசகந்தி மெழுகு, சேராங்கொட்டை சேர்ந்த மருந்துகள் எல்லாம் உண்டு. சேராங்கொட்டையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நன்றாகவே ஆராய்ந்தார்கள். பாலில் முறைப்படி காய்ச்சி எடுத்ததை, மார்பகக் கட்டி வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்து, பலன் இருந்ததாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நான் மதிக்கிற வேலை அது. ஆனால் யூ மரத்தின் 32 வருஷப் பாதையில் அது ஆரம்பப் படிகளில் நிற்கிறது. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டாலே கை கொப்பளிக்கும், வண்ணார் துணியில் குறி போட வைத்திருந்த சரக்கு அது. ரசகந்தி மெழுகில் பெயரிலேயே ரசம் இருக்கிறது, பாதரசம். முறைப்படி முடித்தால் நஞ்சு போய்விடும் என்பது சித்த மருத்துவர்களின் நிலைப்பாடு. கடையில் டப்பாவில் வாங்கியதை யார், எப்படி முடித்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கீமோவைத் தாங்கப்போகும் அம்மாவின் சிறுநீரகத்துக்கு அது விஷப்பரீட்சை. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பட்டம் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் பயாப்சி ரிப்போர்ட்டோடு போங்கள். புதுச்சேரி குயவர்பாளையத்தில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஒழுங்காகப் படித்தவர் யாரும் "ஆபரேஷன் வேண்டாம், நான் குணமாக்குகிறேன்" என்று சொல்ல மாட்டார். அப்படி விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், அந்தப் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

சந்தேகமான சங்கதிகள் என்று நான் தனியாக வைத்திருப்பவை சில. தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம், வெந்தயச் சத்து மாத்திரை போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும் சரக்குகள் உண்டு. ஈ.ஆர். பாசிட்டிவ் கட்டிக்கு அது தீனியா என்றால், திட்டவட்டமாகச் சொல்ல ஆதாரம் போதாது, அதனால் லேகியமாக, மாத்திரையாகத் தினமும் எடுப்பதை நிறுத்திவைக்கச் சொல்வேன். சாம்பாரில் போடும் வெந்தயத்துக்குப் பயப்பட வேண்டாம். சோயாவைப் பற்றியும் இதே பயம் இருந்தது, ஆனால் ஷாங்காயில் மார்பகப் புற்று வந்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், உணவாகச் சோயா அதிகம் சாப்பிட்டவர்கள் குறைவாகவே இறந்தார்கள். அமுக்கரா கீமோ அசதிக்கு உதவியதாக மலேசியாவில் ஒரு சிறிய ஆய்வு உண்டு, அமுக்கராவாலும் சீந்திலாலும் கல்லீரல் பாதித்தவர்களின் அறிக்கைகளும் உண்டு. சீந்தில் விஷயம் 2021இல் கொரோனா சமயத்தில் மும்பையில் வெளிப்பட்டது. நான் என் வீட்டு ஆளுக்குக் கீமோ நடக்கும்போது இரண்டையும் கொடுக்க மாட்டேன்.

கொடுக்கக்கூடியது எதுவுமே இல்லையா என்றால், இஞ்சி இருக்கிறது. கீமோ போட்ட நாளின் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவும் என்று அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள், நாளைக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் காய்ந்த இஞ்சியே போதுமாக இருந்தது, வாந்தி மாத்திரையோடு சேர்த்து, அதற்குப் பதிலாக இல்லை. சுக்குக் காபி குடிக்கட்டும். பச்சைச் சாறுகள் மட்டும் வேண்டவே வேண்டாம்: அருகம்புல், பப்பாளி இலை, கோதுமைப்புல். கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். காலையில் பூங்கா வாசலில் விற்கும் அருகம்புல் எந்த வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியது, எந்தத் தண்ணீரில் கழுவியது என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே மஞ்சள், பூண்டு கேப்சூல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள், அவற்றால் ரத்தம் உறைவது தாமதமாகலாம்.

பெரியம்மாவிடம் சண்டை போட வேண்டாம். அவர் கொடுத்த பையை அப்படியே, டப்பா அட்டையோடு, அடுத்த ஓ.பி.க்கு எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள். அம்மாவின் கீமோ பயத்துக்கும் அங்கேயே பேச்சு உண்டு: ஹார்மோன் பாசிட்டிவ் கட்டிகளில் எல்லோருக்கும் கீமோ தேவைப்படுவதில்லை, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா, கட்டியின் கிரேடு, அளவு எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். "கீமோவால் அம்மாவுக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் எவ்வளவு?" என்று நேராகவே கேளுங்கள். செலவு பயம் என்றால், கடலூர் மாவட்டத்துக்காரர் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், ஜிப்மரின் புற்றுநோய் மையத்தில் வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. ஹெர்-2 இரண்டு பிளஸ் என்றால் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை, இடைநிலை. அதற்கு ஃபிஷ் என்ற மேல் பரிசோதனை செய்தால்தான் தெரியும். பாசிட்டிவ் என்று வந்தால் ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி சேரும், ஆபரேஷனுக்கு முன்பே மருந்து தொடங்குவதா என்பது வரை வரிசையே மாறலாம். அந்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்களா, ரிசல்ட் எப்போது வரும் என்று நாளைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.